மெதுவாக ஓட்டினால் எஞ்சின் நீடிக்குமா?

எங்கள் படகில் பூட்டியிருப்பது 15 குதிரைவலுவுள்ள பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்ட் எஞ்சின். என்னைவிட வயது கூட. அப்பா அதை ஒருநாளும் முழு வேகத்தில் விட்டதில்லை. "பிள்ளை, கிழட்டு எஞ்சின். முறுக்காதை, மெல்லமா விடு" என்பார். பத்து வருடமாக சிம்கோ ஏரியில் தூண்டிலை இழுத்தபடி நடை வேகத்தில்தான் ஓடியிருக்கிறோம். அப்படி ஓடியதுதான் அதைப் பாழாக்கியது என்கிறேன் நான். வீட்டில் சண்டை இன்னும் முடியவில்லை.

போன செப்டெம்பரில் ஏரி நடுவில் நிற்கும்போது காற்று திடீரென்று எழும்பியது. கரைக்குத் திரும்ப த்ரொட்டிலை முழுதாகத் திறந்தோம். இரண்டு நிமிடம் உறுமியது, பிறகு பலம் விழுந்துவிட்டது. அலை படகுக்குள் அடிக்க, தம்பி வாளியால் இறைக்க, ஊர்ந்து ஊர்ந்துதான் கரை சேர்ந்தோம். "பாத்தியே, முறுக்கின உடனை போட்டுது" என்றார் அப்பா.

மெக்கானிக் கழற்றிக் காட்டினார். பிஸ்டனின் தலையில் கல்லுப்போல காபன். ஒரு ரிங் அசையவே இல்லை. புகை வெளியேறும் துவாரத்தின் ஓரமெல்லாம் அதே கறுப்பு.

இந்த வகை எஞ்சினில் ஒயிலைப் பெற்றோலோடு கலந்துதான் ஊற்றுகிறோம். எங்களுடையதற்கு 50 பங்குக்கு 1 பங்கு. அந்த ஒயிலும் எரிய வேண்டும். மணிக்கணக்காக மெதுவாக ஓடினால் சிலிண்டருக்குள் போதிய சூடு வராது. அரைகுறையாக எரிந்த ஒயில் காபனாகப் படியும். ரிங் இருக்கும் பள்ளத்துக்குள் அது இறுகினால் ரிங் விரிந்து சுவரோடு அழுத்தாது. அமுக்கம் கசியும், பலம் குறையும், சூடான வாயு ஒயில் படலத்தை அழித்து பிஸ்டன் உரசத் தொடங்கும். முறுக்கிய அன்றுதான் அது தெரியவந்தது, அதில் அப்பா சொன்னது சரி. ஆனால் நோய் பத்து வருடத்து நோய்.

த்ரொட்டிலைத் திறந்தால் மட்டும் போதாது என்பது எனக்கும் பிறகுதான் விளங்கியது. முழுதாகத் திறக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரவேண்டும் என்று எஞ்சினின் கைநூலில் இருக்கும். எங்களுடையதில் 4500 முதல் 5500. பிளக் வயரில் சுற்றும் மலிவான மீட்டர் ஒன்றை வாங்கிப் பார்த்தேன்: 4100. புரொப்பல்லரின் பிட்ச் கூட, எஞ்சின் பாரம் தூக்கித் திணறிக்கொண்டு ஓடியிருக்கிறது. அதுவும் காபனைக் கூட்டும். பிட்சை ஒரு இஞ்சி குறைத்தால் ஏறத்தாழ 200 சுற்றுக் கூடும். நாங்கள் மூன்று இஞ்சி குறைந்ததை மாட்டினோம்.

அப்பாவின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆள் அவர். அங்கே மெதுவாகப் போனதால்தான் மிச்சம் பிடிக்க முடிந்தது. அதை நான் பகிடி பண்ணமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு எஞ்சின் இருந்தால், இதை வாசித்துவிட்டு உடனே போய் முறுக்கவேண்டாம். ஒட்டிய ரிங்கோடு முழு வேகம் ஓடுவதுதான் பிஸ்டனைச் சாப்பிடும். முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மீட்டரில் பாருங்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். சரியாக இருந்தால் காபன் கரைக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, அதன்பிறகு படிப்படியாக வேகத்தைக் கூட்டுங்கள்.

எங்களுக்குப் புது ரிங் போட்டாயிற்று. இப்போது மீன்பிடித்து முடிந்ததும் திறந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் முழு வேகம். அந்த ஐந்து நிமிடமும் அப்பா எஞ்சின் பக்கம் திரும்பமாட்டார். கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார். "அஞ்சு நிமிசம் முடிஞ்சுது, குறை."