ராட்டினத்தில் ஓர் இடம்

நமது சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திவரும் தமிழ் வகுப்பில் சென்ற மாதம் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு, ‘நான் மறக்காத விடுமுறை நாள்’ என்பது. என் மகளுக்கு வயது 9. எழுதி முடித்த தாளை அவள் என்னிடம் காட்டவில்லை; நேரே பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். என் தாயார் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, நிதானமாக வாசித்து, பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னவோ ஏதோ என்று நானும் வாங்கிப் பார்த்தேன்.

வருஷந்தோறும் ஜோலார்பேட்டைக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்துத் திருவிழாவுக்கு அவளை அழைத்துச் செல்வது வழக்கம். இரண்டு வண்டி மாறி, மூட்டை முடிச்சுகளோடு போய், பத்து நாள் தங்கி வருவோம். அதைத்தான் எழுதியிருப்பாள் என்று எண்ணினேன். ஆனால் அவள் எழுதியிருந்தது இது: ‘ராட்டினம் மேலே போனபோது எங்கப்பா கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். என் கையை இருக்கப் பிடித்துக்கொண்டார். பயப்படாதீங்கப்பா என்று நான் சொன்னேன். அது எனக்குப் பிடித்த நாள்.’ ‘இறுக’ என்று இருக்க வேண்டியது ‘இருக்க’ என்று இருந்தது. திருத்துவதற்குப் பேனாவை எடுத்தேன். ஏனோ மனம் வரவில்லை, வைத்துவிட்டேன்.

அவள் குறிப்பிட்ட நாள் சென்ற தசரா விடுமுறையில் நாங்கள் வொண்டர்லா பூங்காவுக்குப் போய் வந்த நாள். ஹைதராபாத் வெளிவட்டச் சாலையை ஒட்டி ராவிரியாலில் அமைந்துள்ள அந்தப் பூங்கா 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திறக்கப்பட்டது. அதை நிறுவியவர் கேரளத்தைச் சேர்ந்த கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. 1977-இல் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கியவர், 2000-இல் கொச்சியிலும் 2005-இல் பெங்களூரிலும் கேளிக்கைப் பூங்காக்களைக் கட்டி, மூன்றாவதாக நமது நகரத்துக்கு வந்தார்.

இவ்விடத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா என்ற முறையில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். ரயிலில் 5 வயது நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேளாவிட்டால் கட்டணமில்லை. அதன் பின் 12 வயது நிறையும் வரையில், தனிப் படுக்கை வேண்டாமென்றால், அரைக் கட்டணம். ஆகவே என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் நாலரை வயதைத் தாண்டுவதே இல்லை. மீசை அரும்பிய பிள்ளைக்கும் ‘பதினொன்றுதான் ஆகிறது, சார்’ என்பார்கள். பூங்காவின் வாசலிலோ வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். அங்கே கட்டணம் குறையவேண்டும் என்று பிள்ளையைக் குனியச் சொன்ன அதே தகப்பனார், உள்ளே பெரிய ராட்டினத்தின் முன்னால், ‘நிமிர்ந்து நில்லடா, இன்னும் ஒரு விரற்கடை இருந்தால் ஏற விடுவார்கள்’ என்று கெஞ்சுவதைக் கண்டு சிரித்துக்கொண்டேன்.

நிற்க. அன்று காலை முதல் மத்தியானம் வரையில் நான் ஒரு ராட்டினத்திலும் ஏறவில்லை. மனைவியும் மகளும் ஏறி இறங்க, நானும் என் தாயாரும் பெஞ்சில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டோம். எங்கள் பெஞ்சுக்கு இப்புறமும் அப்புறமும் இருந்த பெஞ்சுகளிலும் இப்படியே ஆளுக்கொரு பையோடு தகப்பனார்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலை நனைந்து ஓடிவந்த மகள், ‘நீங்க வரமாட்டீங்களாப்பா?’ என்று கேட்டாள். ‘பையை யார் பார்த்துக்கொள்வது?’ என்றேன். அவள் முகம் வாடித் திரும்பினாள். அப்போது என் தாயார் சொன்னார்: ‘பையை நான் பார்த்துக்கறேன். உங்கப்பாவும் இதையேதான் சொல்லுவார். நீ எழுந்து போ.’

அந்தச் சொல் என்னை வேறொரு மைதானத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

என் தகப்பனார் செகந்திராபாத் பகுதியில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். இரவுப் பணியே அதிகம். விடுப்பு கிடைத்தால் ஊருக்குப் போவோம். ஊரில் யாருக்காவது கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று ஏதாவது இருக்கும். இந்த நகரத்தில் எங்களை அவர் அழைத்துச் சென்ற கேளிக்கை என்று சொன்னால் அது ஒன்றே ஒன்றுதான். ஜனவரி மாதம் நாம்பள்ளியில் நடக்கும் நுமாயிஷ் பொருட்காட்சி.

நுமாயிஷைப் பற்றி இங்கே புதிதாக வந்தவர்களுக்குச் சில வார்த்தைகள். 1938-இல் உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் முயற்சியால் பப்ளிக் கார்டனில் தொடங்கப்பெற்றது இது. ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் அதைத் திறந்துவைத்தார். 1946-இல் இப்போதுள்ள நாம்பள்ளி மைதானத்துக்கு மாறியது. ஜனவரி 1 முதல் பிப்ரவரி 15 வரையில் நடப்பது மரபு. காஷ்மீரத்துச் சால்வையும் லக்னோ சிக்கன் துணியும் ஒரு புறம் என்றால், மறு புறம் ராட்சத ராட்டினமும், மரணக் கிணறும், மைதானத்தைச் சுற்றிவரும் சிறு ரயிலும். இதை நடத்தும் சங்கத்தின் வருமானம் கல்வி நிலையங்களுக்குச் செலவாகிறது என்பதும் அறியத்தக்கது. கேளிக்கைப் பூங்காக்கள் வருவதற்கு முன்னால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் பூங்கா.

வருஷந்தோறும் நானும் என் தமக்கையும் ராட்டினத்தில் ஏறுவோம். தகப்பனார் எங்கள் செருப்புகளையும் பையையும் பிடித்துக்கொண்டு கீழே நிற்பார். 2003-ஆம் வருஷம் எனக்கு 11 வயது. அவ்வருஷம் தமக்கை பயந்து ஏறமாட்டேன் என்று விட்டாள். சிறுவனைத் தனியாக ஏற்ற முடியாது என்றான் ராட்டினக்காரன். நான் அழத் தொடங்கவே, தகப்பனார் பையைத் தாயாரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னோடு ஏறி உட்கார்ந்தார்.

கையில் விளக்கை ஏந்தி, இருட்டில், நகரும் வண்டிகளின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் அவர். அவருக்குப் பயம் என்று ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரியாது. பெட்டி மேலே எழும்பியதும் இரும்புக் கம்பியை ஒரு கையால் பற்றினார். மறு கையால் என் தோளைப் பற்றினார். அந்தக் கை நடுங்கியது. உச்சியில் போய் ராட்டினம் சற்றே நின்றது. ஆள் ஏற்றுவதற்காக நிறுத்தியிருப்பான். அந்தி நேரம். கண்ணைத் திறந்த தகப்பனார் தொலைவில் கையைக் காட்டி, ‘அதோ பார், அது நாம்பள்ளி ஸ்டேஷன். சிவப்பாகத் தெரிகிறதே, அது சிக்னல். பச்சை விழுந்தால் சார்மினார் எக்ஸ்பிரஸ் கிளம்பும்’ என்றார். நாங்கள் ஊருக்குப் போவது அந்த வண்டியில்தான். மெட்ராஸில் இறங்கி ஜோலார்பேட்டைக்கு வேறு வண்டி பிடிப்போம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை விழுந்தது. ‘நம்ம ஊர் வண்டிடா தம்பி, போகிறது பார். இன்றைக்கு நாம் அதில் இல்லை’ என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவு வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

2010-இல், பணியில் இருக்கும்போதே, நோய்வாய்ப்பட்டுக் காலமானார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் ரயில்வேயில் இந்த உத்தியோகம் கிடைத்தது. அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த சட்டை, புத்தகம், சைக்கிள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டன. அந்த நடுங்கிய கை மட்டும் இன்னும் என் தோள்மேல் இருக்கிறது.

பெஞ்சில் உட்காரும் தகப்பனார் நம்மிடத்தில் மட்டும் உள்ளவர் அல்லர். அமெரிக்காவில் சித்திரப் படங்களால் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து கிரிஃபித் பூங்காவுக்குத் தம் இரு பெண்களையும் அழைத்துப் போவாராம். பெண்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓரிடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அப்போது தமக்கு எழுந்ததாக அவரே பிற்காலத்தில் சொன்னார். அந்த எண்ணத்தில் விளைந்ததே 1955 ஜூலை 17-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்ட். அவர் ரயில் பைத்தியம் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வீட்டுத் தோட்டத்திலேயே சிறு தண்டவாளம் போட்டு நீராவி என்ஜின் ஓட்டியவர்; டிஸ்னிலாண்டையும் சுற்றி ஒரு ரயிலை ஓடவிட்டார். ஆக, உலகத்தின் பூங்காக்களுக்கெல்லாம் முன்மாதிரியான ஒன்று, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காத ஒரு தகப்பனாரின் யோசனை!

எனக்குத் திருமணமான 2014-ஆம் வருஷம் தாயாரையும் மனைவியையும் ராமோஜி பிலிம் சிட்டிக்கு அழைத்துச் சென்றேன். ‘ஈநாடு’ பத்திரிகை அதிபர் ராமோஜி ராவ் (2024-இல் காலமானார்) 1996-இல் விஜயவாடா சாலையில் அமைத்த படப்பிடிப்பு நகரம் அது. 1,666 ஏக்கர் பரப்பு. உலகத்திலேயே மிகப் பெரிய படப்பிடிப்புத் தளம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அங்கே ஒரே கட்டடம் ஒரு முகத்தில் விமான நிலையமாகவும் வேறொரு முகத்தில் மருத்துவமனையாகவும் இருக்கும். ரயில் நிலையமும் உண்டு. பிளாட்பாரம், தண்டவாளம், பெட்டிகள் எல்லாம் இருக்கின்றன. பெயர்ப்பலகை மட்டும் படத்துக்குப் படம் மாறும்.

தாயார் அந்தப் பிளாட்பாரத்தில் வெகு நேரம் நின்றார். ‘இந்த ஸ்டேஷனுக்கு எந்த வண்டி வரும்?’ என்று கேட்டார். ‘எந்த வண்டியும் வராதும்மா, போகவும் போகாது’ என்றேன். ‘அப்படியானால் இங்கே வேலை பார்க்கிறவர்கள் ராத்திரியில் வீட்டிலே இருப்பார்கள்’ என்றார். அரண்மனைகளையும் தோட்டங்களையும் அன்று எவ்வளவோ பார்த்தோம். எனக்கு நிலைத்திருப்பது அந்த வார்த்தை ஒன்றே.

அன்பர்களே! நாம் பிழைப்பைத் தேடி வந்தவர்கள். கிடைக்கும் விடுப்பையும் சேர்த்த பணத்தையும் ஊருக்கே செலவிடுகிறோம். அது தவறென்று நான் சொல்லவில்லை, வேர் வாடக்கூடாது. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஹைதராபாத்தும் ஊர்தான். நாளை அவர்கள் நம்மை நினைக்கும்போது, ஒன்று நம்மை ஸ்டேஷனில் மூட்டையோடு காண்பார்கள்; அல்லது தங்கள் பக்கத்தில், தங்களோடு பயந்து, தங்களோடு சிரிப்பவராகக் காண்பார்கள். பின்னதற்கு வருஷத்தில் ஒரு நாள் போதும்.

பெரிய பூங்காவுக்குச் செலவு அதிகம் என்பது உண்மை. நால்வர் போய்வர என் சம்பளத்தில் கணிசமாகக் கரைந்தது. முடிந்தவர்கள் கூட்டமில்லாத வாரநாளாகப் பார்த்துப் போகலாம். முடியாதவர்களுக்கு நுமாயிஷ் இருக்கிறது. காந்தி பவன் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடை தூரமே. இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் வேகமான ராட்டினங்களில் ஏறக்கூடாது என்று பலகையில் எழுதியே வைத்திருக்கிறார்கள்; அதை மீறவேண்டாம். அவர்களுக்கும் ஏற்ற நிதானமான சவாரிகள் உண்டு. பைக்கு ஒருவர் போதும். அந்த ஒருவரும் முறை மாறட்டும்.

சென்ற வாரம் நுமாயிஷுக்குப் போனோம். இம்முறை பையை என் மனைவி வாங்கிக்கொண்டாள். நானும் மகளும் என் தாயாரைக் கைபிடித்துச் சிறு ரயிலில் ஏற்றி உட்காரவைத்தோம். வண்டி புறப்படும் சமயம் அவர் என் காதருகே குனிந்து, ‘டிக்கெட் எடுத்துட்டியா? நம்ம பாஸ் இதிலே செல்லாதா?’ என்று கேட்டார். செல்லாது, காசு கொடுத்துத்தான் எடுத்திருக்கிறேன் என்றேன். ‘சரி, போனால் போகிறது’ என்று சொல்லி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.