கரையேறவும் உரிமை வேண்டும்

வெற்றி பெற்றோரைத் தோளில் தூக்குவோர் பலர். அவர்தம் தோளில் நாம் ஏற்றி வைக்கும் சுமையை எண்ணிப் பார்ப்போர் சிலரே. லித்துவேனிய நாட்டு நீச்சல் வீராங்கனை ரூத்தா மெய்லுத்தித்தேயின் வரலாறு இவ்வுண்மையை நமக்கு உணர்த்துகிறது.

1997இல் காவுனாஸ் நகரில் பிறந்த ரூத்தா, நான்கு வயதில் தாயைச் சாலை விபத்தில் இழந்தார். 2010இல் தந்தையுடன் இங்கிலாந்தின் பிளிமத் நகருக்குக் குடிபெயர்ந்து, பள்ளியில் பயின்றவாறே நீச்சற்பயிற்சி பெற்றார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 5.47 வினாடியில் முடித்து, அமெரிக்காவின் ரெபேக்கா சோனியை 0.08 வினாடியில் வென்றார். அப்போது அவருக்கு வயது 15. விடுதலை பெற்ற லித்துவேனியா நீச்சலில் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. மறுவாண்டு பார்சிலோனா உலகப் போட்டியில், 100 மீட்டரை 1 நிமிடம் 4.35 வினாடியிலும் 50 மீட்டரை 29.48 வினாடியிலும் கடந்து இரு உலக சாதனைகள் படைத்தார்.

ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்களைக் கொண்ட நாட்டின் பெருமையெல்லாம் ஒரு சிறுமியின் மீது வந்தமர்ந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் பெற்றது ஏழாம் இடம். மனச்சோர்வு தம்மை வாட்டியதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகக் கூறினார்.

2019 மே மாதத்தில் 22ஆம் வயதில் ஓய்வை அறிவித்தார். ஊக்கமருந்துச் சோதனைக்காகத் தாம் இருக்குமிடத்தை வீரர்கள் முன்கூட்டித் தெரிவித்தல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்குள் மும்முறை தவறினால், மருந்து உட்கொண்டதாக மெய்ப்பிக்கப்படாவிடினும் அது குற்றமே. அவ்வாறு தவறிய ரூத்தாவுக்கு ஈராண்டுத் தடை விதிக்கப்பட்டது. விதி அனைவருக்கும் பொது. அத்தண்டனையை நாம் குறை கூறவில்லை. ஆயினும் பதக்கத்தைக் கொண்டாடியோர், அதைச் சுமந்த பிள்ளையின் உள்ளத்தையும் கேட்டிருத்தல் வேண்டுமன்றோ?

தடைக்காலம் முடிந்தபின் அவர் மீண்டும் நீரில் இறங்கினார். 2022இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 50 மீட்டரில் தங்கம் வென்றார். 2023இல் ஜப்பானின் புக்குவோக்காவில் 50, 100 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் பெற்றார். 50 மீட்டரை 29.16 வினாடியில் கடந்து புதிய உலக சாதனையும் நிறுவினார். பதினாறு வயதில் தாம் எட்டிய வேகத்தை இருபத்தாறு வயதில் தாமே விஞ்சினார்.

இதனைக் காட்டி, "விழுந்தவர் எழுந்தார்" என்று முடித்துவிடுதல் எளிது. நாம் அவ்வாறு முடிக்க விரும்பவில்லை. அவர் திரும்பி வாராதிருந்தாலும் கரையேறிய அவரது முடிவு மதிக்கத்தக்கதே எனக் கருதுகிறோம். மார்பு நீச்சலில் ஒவ்வொரு கைவீச்சுக்கும் தலை நீருக்கு மேலே எழவேண்டும் என்பது விதி. மூச்சு வாங்க இடந்தரும் அவ்விதியை நீச்சற்குளம் அறிந்திருக்கிறது. பிள்ளைகளிடம் வெற்றியை மட்டுமே வேண்டி நிற்கும் நாம் அறியவில்லை.

முதலிடம் பெற்ற மாணவரைப் பார்த்து, "அடுத்தது என்ன?" என்று உடனே கேட்பது ஆசிரியராகிய நமக்கும் பெற்றோர்க்கும் பழகிப்போன வழக்கம். அவ்வினாவிற்கு முன்னர், "நலமாக இருக்கிறாயா?" என்று கேட்கப் பழகுவோம். பதக்கம் நாட்டுக்கு உரியதாகலாம். பிள்ளையின் வாழ்வு பிள்ளைக்கே உரியது.