எழுபத்தைந்தும் எழுந்த கேள்வியும்

ஆய்வு செய்ய அருகதை வேண்டுமாம்! அந்த அருகதையை அளக்கும் கோல் மதிப்பெண்ணாம்! நான்காண்டு இளங்கலைப் படிப்பில், முதல் 6 பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவரே ஆசிரியரின் வழிகாட்டலில் ஆய்வேடு எழுதும் பிரிவுக்குச் செல்லலாம் என்று, பல்கலைக் கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரையறை கூறிற்று. எழுபத்து நான்கு பெற்றவனுக்கு ஐயமே எழாதோ? எழுந்தால், அதை அவன் எவரிடம் சென்று உரைப்பது?

அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுகிறோம். 1982ஆம் ஆண்டு, ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் கிரிகரி வாட்சன் என்றோர் இளங்கலை மாணவர். பெண்களுக்குச் சம உரிமை வழங்கும் சட்டத் திருத்தம் பற்றிக் கட்டுரை எழுதத்தான் நூலகம் புகுந்தார். அங்கே அவர் கண்ணில் பட்டதோ வேறொன்று! நாடாளுமன்ற உறுப்பினர் தம் ஊதியத்தை மாற்றிச் சட்டம் இயற்றினால், இடையில் ஒரு தேர்தல் நடந்த பின்னரே அது செயலுக்கு வரவேண்டும் என்னும் திருத்தம். 1789இல் மாடிசன் முன்மொழிந்தது. போதிய மாநிலங்கள் ஒப்பாமையால் உறங்கிக் கிடந்தது. அதற்குக் காலக்கெடு இல்லை, ஆகவே அது இன்னும் உயிரோடிருக்கிறது என்று வாட்சன் வாதிட்டார்.

கிடைத்த மதிப்பு? 'சி'! முறையிட்டார், ஆசிரியர் மாற்ற மறுத்தார்.

மாணவர் மனம் உடைந்தாரா? இல்லை! மாநிலந்தோறும் சட்டமன்றத்தாருக்கு மடல் மேல் மடல் தீட்டினார். ஏறத்தாழ 6,000 டாலர் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். 1983இல் மெய்ன் ஒப்பியது, 1984இல் கொலராடோ... 1992 மே திங்களில், நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலோடு, அமெரிக்க அரசியலமைப்பின் 27ஆவது திருத்தமாக அது அரியணை ஏறிற்று! 2017இல் அதே ஆசிரியர் கையொப்பமிட, 'சி' என்பது 'ஏ' ஆயிற்று. பிழையைத் திருத்த முன்வந்த அந்தப் பண்பைப் பாராட்டுகிறோம். நம்மவரிடம் அஃது அரிது.

அரசியல் அறிவியல் என்பது ஆள்வோரைக் கேள்வி கேட்கக் கற்பிக்கும் துறை. அந்தத் துறையிலேயே, ஆசிரியர் குறிப்புச் சொல்ல மாணவர் எழுதுவதும், எழுதியதைத் தேர்வுத் தாளில் கொட்டுவதுமாகக் காலம் கழிகிற வகுப்பறைகள் எத்தனை! அப்படிக் கொட்டிப் பெறும் எண்ணா ஆராய்ச்சிக்குச் சான்று? மனப்பாடத்தில் வென்றவர் மாண்புடையோர். மறுத்துக் கேட்டவர் மதிகெட்டோர்! பழைய தகுதிப் புராணத்திற்குப் புதிய அத்தியாயம்!

எல்லோருக்கும் வழிகாட்ட ஆசிரியர் ஏது என்பார்கள். காலியிடங்களை நிரப்பட்டும்! ஆள் இல்லாக் குறைக்கு மாணவன் தலையிலா பழி? மாணவன் ஒன்றைச் சொன்னால், "ஆதாரம் எங்கே? மூல ஆவணத்தைப் பார்த்தாயா? மறுப்போர் வாதம் என்ன?" என்று மடக்கிக் கேட்பதே வழிகாட்டுதல். அக்கேள்விகளுக்கு விடை தேடிவர எந்த மாணவன் அணியமாக இருக்கிறானோ, அவனை உள்ளே விடுங்கள். அந்த 75ஐ எடுத்தெறியுங்கள் என்கிறோம்.