மக்கள் தொகையா, நுகர்வா: ஜெர்மனி எழுப்பும் கேள்வி

உலக மக்கள் தொகை 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியதாக ஐ.நா. அறிவித்தபோது, இயற்கையின் அழிவுக்கு மக்கள் பெருக்கமே காரணம் என்ற வாதம் மீண்டும் எழுந்தது. ஜெர்மனியின் அனுபவம் வேறுவிதமாக உள்ளது.

அங்கு 1972 முதல் ஆண்டுதோறும் பிறப்புகளைவிட இறப்புகளே அதிகம். குடியேறிகளின் வரவால்தான் மக்கள் தொகை 8 கோடிக்குச் சற்று மேலாக நீடிக்கிறது.

ஆனாலும் இயற்கை அங்கு தப்பவில்லை. 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாக 2017இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. சுற்றிலும் நடக்கும் தீவிர வேளாண்மை இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். பூச்சிகள் அருகினால் மகரந்தச் சேர்க்கையும் மனிதரின் உணவும் பாதிக்கப்படும். நெய்வேலியைப் போலவே அங்கும் பழுப்பு நிலக்கரிக்காகப் பல கிராமங்கள் காலி செய்யப்பட்டன. லுட்செராத் கிராமத்தில் திரண்ட போராட்டக்காரர்கள் 2023 ஜனவரியில் காவல்துறையினரால் அப்புறப்படுத்தப்பட்டனர்.

சராசரி ஜெர்மானியர் ஒருவர், சராசரி இந்தியரைப் போல் சுமார் மூன்று மடங்கு கரியமில வாயு வெளியேறக் காரணமாகிறார். அதேவேளை, 1990க்கும் 2023க்கும் இடையில் ஜெர்மனி தனது பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை 40 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. அக்காலத்தில் அதன் மக்கள் தொகை குறையவில்லை; எரிபொருளும் உற்பத்தி முறையுமே மாறின.

உணவுக்கும் நீருக்குமான தேவையை மக்கள் பெருக்கம் கூட்டுகிறது என்பதை மறுக்க இயலாது. எனினும், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்கூட இல்லை என்ற நிலையை எட்டிவிட்ட தமிழகம், இனி எத்தனை பேர் என்பதைவிட, எவ்வாறு வாழ்கிறோம் என்பதையே கேட்க வேண்டியிருக்கும்.