ஞானத்துக்கு எதுக்கு செமஸ்டர்?

முப்பது தாண்டிய ஐ.டி.க்காரர்களுக்கு வரிசையாகச் சில ஆசைகள் வரும். முதலில் புல்லட். அப்புறம் ஊர்ப்பக்கம் ஒரு ஏக்கர் நிலம். இப்போது மூன்றாவதாக ஒரு முதுகலைப் பட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. யோக உளவியல், ஆன்மிக உளவியல் என்று பெயர் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு வருடம், வார இறுதி வகுப்பு, அசைன்மென்ட், ப்ராஜெக்ட், வைவா. எதுக்குப்பா இது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "பர்சனல் க்ரோத் மச்சி." என் காலேஜ் செட்டில் மூன்று பேர் சேர்ந்தாயிற்று. நாலாமவன் விண்ணப்பத்தை நிரப்பி வைத்துக்கொண்டு என்னிடம் கருத்துக் கேட்கிறான். சேராதே என்றேன். ஃபோனில் விளக்க முடியாத காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

ஆன்மிகத்தை நக்கலடிக்கும் கட்டுரை இது இல்லை. நான் வாடிப்பட்டிக்காரன். மேளம் வேகமெடுத்தால் யார் மேல் சாமி இறங்கும் என்று சிறுசுகளே பந்தயம் கட்டும் ஊர். ஆரோக்கிய அன்னை கோயிலுக்கு எல்லா மதத்துக்காரர்களும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போவார்கள். பிள்ளை ராத்திரியில் பயந்து அலறினால் கோடாங்கியிடம் தூக்கிப் போவோம். அவர் உடுக்கை அடித்துக்கொண்டே அந்த வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சில்லை, எந்தச் சாவுக்கு யார் போகவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே இழுப்பார். அழ வேண்டியவர்கள் அழுவார்கள். ஒரு சேவல், கொஞ்சம் விபூதி, முடிந்தது. அவர் சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் எதுவும் தொங்கவில்லை. அவர் அதை 'க்ரோத்' என்று சொல்லி விற்றதும் இல்லை.

இன்னும் பெரிய உதாரணம் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு. 1896 ஜூலையில் அந்த வீட்டு மாடியில் பதினாறு வயசுப் பையன் ஒருவனைத் திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. செத்துப்போவது உடம்பு, அப்போ நான் யார் என்று படுத்துக்கொண்டே பார்த்தான். அவ்வளவுதான் பாடத்திட்டம். ஆறு வாரம் கழித்து, பள்ளியில் தண்டனையாகக் கொடுத்த ஆங்கில இலக்கணத்தை எழுதிக்கொண்டிருந்தவன் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்தான். அண்ணனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறினான். வேங்கடராமன் ரமணரானது இப்படித்தான். தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான ஆன்மிகப் பயணம் காலேஜ் ஃபீஸை வேறு செலவுக்குத் திருப்பித்தான் தொடங்கியிருக்கிறது. நம்மாட்கள் அதே ஆன்மிகத்துக்கு ஃபீஸ் கட்டக் க்யூவில் நிற்கிறார்கள்.

வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. அவர் வாழ்ந்து தேடிக் கண்டதைப் படிக்க இன்று பல்கலைக்கழக முதுகலை இருக்கிறது. படிக்கட்டும், தப்பில்லை. மதத்தையும் மனதையும் சேர்த்து ஆராய்வது கௌரவமான வேலைதான். வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோவில் ஆற்றிய உரைகள் 1902லேயே புத்தகமாக வந்துவிட்டன. ஆனால் ஜேம்ஸ் செய்தது மற்றவர்களுடைய அனுபவங்களைச் சந்தேகத்தோடும் மரியாதையோடும் அலசும் வேலை. அதைப் படித்தால் நீங்கள் அந்தத் துறையின் மாணவர் ஆகலாம். பக்குவப்பட்டவர் ஆவீர்கள் என்று ஜேம்ஸ் யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை. நம் ஊர் விளம்பரங்கள் தருகின்றன.

இது இன்ஜினியர் வியாதி என்று நினைக்கிறேன். சிலபஸில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நான்கு வருடம் பழக்கிவிட்டார்கள். அதனால் அப்பாவோடு பேசாத கோபம், தூக்கம் வராத இரவு, வேலை போய்விடுமோ என்ற நடுக்கம் எல்லாவற்றுக்கும் யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு தேடுகிறோம். அகந்தையைக் கடக்கும் வழிகளை விளக்குக, பத்து மார்க். அதில் முதல் வகுப்பு வாங்கியவனின் அகந்தையை யார் கடப்பது? அரியர் வைத்தவனுக்கு அந்த வகையில் கொஞ்சம் வாய்ப்பு உண்டு.

இதோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அவன் காசு, அவன் சனிக்கிழமை. எனக்குப் பயம் பட்டம் வாங்கிய மறுநாளைப் பற்றி. பெயரில் 'உளவியல்' இருக்கிறது. லைஃப் கோச் என்று போர்டு மாட்ட இங்கே உரிமம் கேட்பவர் யாருமில்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் வாரத்தில் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பொண்ணை அவள் அம்மா அந்த போர்டைப் பார்த்து அழைத்து வருவாள். இவன் அவளுக்கு மன்னிப்பின் மகத்துவத்தைச் சொல்லித் தருவான். மாத்திரை தேவைப்படும் நேரத்தில் மூச்சை கவனிக்கச் சொல்வான்.

இதன் எல்லை எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. நோய் தீரும் என்று நம்பி தர்காவைத் தேடி வந்த குடும்பங்கள் தங்கள் மனிதர்களைத் தனியார் விடுதிகளில் விட்டுவிட்டுப் போயிருந்தன. ஒரு விடுதியின் கொட்டகை அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர்.

அந்தச் சாவுக்குப் பிரார்த்தனை காரணமில்லை. சங்கிலியும், சிகிச்சை இல்லாததும்தான் காரணம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முத்துசாமி கோயில் என்ற ஒரு கிராமத்துக் கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை மனநல மருத்துவர் ரகுராமும் சகாக்களும் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். பூஜை, கோயிலில் சின்னச் சின்ன வேலை, கூடவே சொந்தக்காரர் ஒருவர். நோயின் அளவுகோல் ஏறக்குறைய 20 விழுக்காடு இறங்கியிருந்தது. சின்ன ஆய்வு, ஒப்பீட்டுக் குழுவும் கிடையாது. இருந்தாலும் விரட்டாத ஒரு இடம் மனிதனுக்கு என்ன செய்யும் என்பதற்கு எனக்கு அது போதும். அந்தத் திண்ணைக்கு யாரும் செமஸ்டர் ஃபீஸ் கட்டவில்லை. இன்று ஏர்வாடி தர்காவிலேயே 'தவா துவா' என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்துக் கொடுக்கும் அரசுத் திட்டம் நடக்கிறது. தொழுதுவிட்டு வருபவர் பக்கத்திலேயே டாக்டரைப் பார்க்கிறார். ஆன்மிக உளவியல் என்று ஒன்று உண்டென்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதை நடத்துவது மருத்துவம் படித்தவர்கள்.

நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு. ஆள் வேண்டும். நிறைய வேண்டும். ஆனால் பயிற்சி பெற்ற ஆள். உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. எனக்கு இதில் பாதி சம்மதம்தான். நோயாளி முன்னால் உட்காராமல் இந்த வேலையைக் கற்க முடியாது, அது சரி. ஆனால் பஞ்சாலை ஷிஃப்ட் முடித்து வந்து தபாலில் எம்.ஏ. படித்த வாடிப்பட்டிப் பொண்ணுக்கு அந்தக் கதவை மூடினால் பக்கத்துக் கல்லூரியில் மாலை வகுப்பையாவது திறந்திருக்க வேண்டாமா? நேர்மையான கதவு மூடிய இடத்தில், ஆன்மிகம் என்ற முன்னொட்டோடு சந்து வழிகள் பெருகும் என்பதே என் கவலை.

நாலாமவனே, வளரணும் என்றால் வளர்ந்துகொள். அப்பாவுக்கு ஃபோன் போடு, அது இலவசம். மனசு ரொம்ப முடியவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடு, டெலிமானஸில் தமிழில் பேசுவார்கள். அப்படியும் அந்தப் பட்டம்தான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன்னால் அவர்களுக்கு ஒரு மெயில் தட்டு. மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு உட்கார வைப்பீர்கள்? சாகணும் போல இருக்கு என்று ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து சொன்னால் என்ன செய்யணும் என்று எந்த செமஸ்டரில் சொல்லித் தருவீர்கள்? பதில் வந்தால் எனக்கும் ஃபார்வர்டு பண்ணு.