கணக்கு எங்கே?

2018-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நமது தாமிரபரணி ஆற்றில் “மகா புஷ்கரம்” என்பதாக ஒரு திருவிழா நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 144 வருஷத்திற்கு ஒருமுறை வருவது என்றும், முங்கி எழுந்தால் பாவம் தொலையும், பிணி தீரும் என்றும் சொல்லி, பாபநாசம் முதற்கொண்டு படித்துறை படித்துறையாக லக்ஷக்கணக்கான ஜனங்களை ஆற்றில் இறக்கினார்கள். முங்கினவர்களில் எத்தனை பேருக்கு எந்த வியாதி தீர்ந்தது, எத்தனை பேருக்குத் தீரவில்லை என்று எழுதிவைத்தவர் யார்? ஒருவருமில்லை. தட்சணைக்குக் கணக்கு உண்டு. பலனுக்கு மாத்திரம் கணக்கு இல்லை.

நிற்க. அதே 2018-ல் வேறொரு கணக்கும் நாட்டில் வெளியாயிற்று. அது இடுப்பெலும்பைப் பற்றியது. அதைச் சொல்லுமுன் நமது கிராமங்களில் நடப்பதைக் கொஞ்சம் யோசிப்போம்.

எழுபது வயது ஆச்சி ஒருத்தி கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுகிறாள். எழுந்திருக்க முடியவில்லை. உடனே வீட்டார், “ஏழரைச் சனி” என்று சோசியரிடம் ஓடுகிறார்கள். பிறகு எலும்பு கட்டுகிறவரை அழைத்து, எண்ணெய் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறார்கள். தொடையெலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பில் அதற்கொரு குழி. பந்துக்குக் கீழே கழுத்து முறிந்தால் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுந்துபோகக்கூடும். வெளியே கட்டுகிற கட்டு அதை என்ன செய்யும்? ஆச்சி மாதக்கணக்காய்க் கிடையில் கிடக்கிறாள். படுக்கைப் புண் வருகிறது, நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வருகிறது, பிராணன் போகிறது. “விதி முடிந்தது” என்று சொல்லிக் கருமாதிக்குப் புரோகிதரைக் கூப்பிடுகிறார்கள். சிகிச்சை பெற்றவர்களிலுங்கூட ஒரு வருஷத்திற்குள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறக்கிறார்கள் என்று பல தேசத்துக் கணக்குகள் சொல்லும்போது, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அன்றைக்கே கொண்டுபோகாமல் வீட்டில் போட்டுவைப்பது விதியா, நமது மடமையா?

இந்த மூட்டையே மாற்றிவைக்கும் ரணசிகிச்சையை நிலைநிறுத்தியவர் இங்கிலாந்து தேசத்து ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர். அவர் முதலில் டெஃப்லான் என்னும் பொருளால் கிண்ணம் செய்து சுமார் 300 பேருக்கு வைத்தார். சில வருஷத்தில் அது தேய்ந்து, சதையைக் கெடுத்தது. அவர் என்ன செய்தார்? நோயாளியின் பூர்வஜன்ம பாவம் என்றாரா? அந்தப் பொருளைத் தன் தொடையிலேயே வைத்துச் சோதித்து, அது கெடுதல் என்று 1963-ல் பத்திரிகையில் எழுதினார். 1962-ம் வருஷக் கடைசியிலேயே வேறு பொருளுக்கு மாறிவிட்டார். இன்று உலகமெங்கும் முடங்கிக் கிடந்தவர்கள் நடக்கிறார்கள் என்றால், அது தோல்வியை மறைக்காத குணத்தின் பலனேயாகும்.

இனி 2018-ம் வருஷத்துக் கணக்கு. ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியைச் சேர்ந்த டிப்யூ என்னும் கம்பெனி, உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு இடுப்பு மூட்டை விற்றுவந்தது. உரசினதில் கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. 1979-ல் சுவீடன் தேசம் இடுப்புச் சிகிச்சைக்கு ஒரு தேசியப் பதிவேடு ஏற்படுத்திற்று. அப்படிப்பட்ட பதிவேடுகள் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இருந்தபடியால் குட்டு வெளிப்பட்டது. இங்கிலாந்துப் பதிவேட்டின்படி ஐந்து வருஷத்திற்குள் சுமார் எட்டுப் பேரில் ஒருவருக்கு மறுபடியும் அறுக்க நேர்ந்தது. 2010 ஆகஸ்டில் கம்பெனி மூட்டைத் திரும்பப் பெற்றது. நமது நாட்டிலோ? சர்க்கார் 2017-ல் நியமித்த கமிட்டியின் அறிக்கைப்படி, சுமார் 4,700 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தும், சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. உடம்பில் விஷம் கசியும் மனிதனைத் தேடிச் சொல்ல ஒரு பெயர்ப் பட்டியல்கூட இல்லை!

வைதிகர்கள் உடனே, “பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானமும் ஏமாற்றிற்றே!” என்பார்கள். ஆம், ஏமாற்றிற்று. ஆனால் கண்டுபிடித்தது யார்? எந்தச் சோசியர் கண்டுபிடித்தார்? எந்த ரிஷி ஞானதிருஷ்டியால் கண்டார்? ஒவ்வொரு மூட்டையும் எண்ணி எழுதின பதிவேடுதான் கண்டுபிடித்தது. கணக்கு இருந்த இடத்தில் திருட்டு அகப்பட்டது. கணக்கு இல்லாத நமது நாட்டில் மனிதர்களே காணாமற்போனார்கள்.

இந்த நியாயம் மூலிகைக்கும் பொருந்தும். பொதிகை மலைப் பச்சிலை என்றால் அகஸ்தியர் சொன்னது, கேள்வி கேட்கக்கூடாது என்கிறார்கள். நமது ஜில்லாவின் மானாவாரி நிலங்களில் விளைகிற நித்தியகல்யாணியைப் பாருங்கள். சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்கப்பட்ட செடி அது. நீரிழிவுக்கு நல்லது என்ற நம்பிக்கை பல தேசங்களில் இருந்தது. கானடா தேசத்தில் நோபிள், பியர் என்னும் இருவர் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதை நம்பிக்கைக்கு விரோதமென்று மறைக்காமல் பின்தொடர்ந்து போனதால், 1958-ல் புற்றுநோய்க்கு ஒரு மருந்து கிடைத்தது. அதே செடியின் இன்னொரு சத்து இன்று ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. நம்பியிருந்தால் சர்க்கரையும் தீராது, இந்த மருந்தும் கிடைத்திராது.

இந்த மருந்து ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆகவே 2022-ல் டென்மார்க்கிலும் கலிபோர்னியாவிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள், செடியின் மரபணுக்களை, கள்ளைப் புளிக்கச் செய்கிற ஈஸ்ட்டுக்குள் புகுத்தி, மருந்துக்கு வேண்டிய சரக்குகளை ஈஸ்ட்டையே செய்ய வைத்தார்கள். மரபணுவை மாற்றுவது பகவான் படைப்பில் கைவைப்பது என்பவர்களுக்கு நமது பதில், அம்மைக்குப் பால் குத்தினதும் கைவைப்புதான் என்பதே. ஆனால் கம்பெனிக்காரன் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் நாம் தயாராயில்லை. மருந்தின் பலன் என்ன, கெடுதல் என்ன, விலை குறையுமா, தொட்டியில் மருந்து விளைந்தால் நித்தியகல்யாணி பயிரிடும் ஏழைக் குடியானவன் கதி என்ன என்பதற்கெல்லாம் அவனும் கணக்குக் காட்டியே தீரவேண்டும்.

ஆதலால் தோழர்களே! இடுப்பெலும்பு முறிந்தால் சோசியரிடம் போகாதீர்கள். தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டு வைத்தால், அதன் பெயரும் நம்பரும் எழுதின சீட்டைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருங்கள். வைத்தியர் சங்கத்தார் மனமுவந்து வைத்திருக்கும் பதிவேடு மாத்திரம் போதாது; ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு மூட்டையும் பதிந்தே ஆகவேண்டுமென்று சர்க்கார் சட்டம் செய்யவேண்டும். எலும்பு கட்டுகிறவரும், சித்த வைத்தியரும், அந்தக் கணக்குக்கு உட்படட்டும். அவர்கள் கட்டும் மருந்தும் மெய்யாயிருந்தால் கணக்கு அவர்களுக்கே சாட்சி சொல்லும்.

அகஸ்தியர் பேரைச் சொன்னாலும் சரி, அமெரிக்கா பேரைச் சொன்னாலும் சரி, “கணக்கு எங்கே?” என்று கேளுங்கள். கேட்பதற்குப் பயந்தவன்தான் இதுவரை கிடையில் கிடந்து செத்தான்.