சோப்பைக் கிண்ணத்தில் தேய்க்காதீர்கள்!

"சோப்புக் கட்டியை நேராக முகத்திலேயே தேய்ப்பதா? முகம் என்ன, வேட்டியா?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார்.

நண்பர் காந்திபுரத்தில் கடை வைத்திருப்பவர். தினமும் சவரம் செய்து கொள்ளாமல் கடை திறக்க மாட்டார். அவருடைய கழுத்தைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள்! "என்ன செய்வது? என் தோல் அப்படி!" என்பார்.

தோலின் மீது பழி போடுவது எளிது. தோல் பதில் பேசாது. ஆனால் அவர் சவரம் செய்யும் விதத்தை ஒரு நாள் நேரில் பார்த்தேன். தகர டப்பாவின் பொத்தானை அமுக்கினார். பஞ்சு மிட்டாய் போல் நுரை வந்தது. அதை அப்படியே முகத்தில் அப்பினார். உடனே கத்தியை வைத்து இழுத்தார். டப்பாவைத் திறந்தது முதல் முகம் கழுவியது வரை மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

குற்றவாளி தோல் அல்ல. அந்த அவசர நுரைதான் என்பது என் கட்சி.

நுரை எதற்கு?

வெள்ளையாகத் தெரிவதற்கா? அல்ல. காய்ந்த தாடி ரோமம் விறைப்பாக இருக்கும். தண்ணீர் குடித்து ஊறிய ரோமம் மெத்தென்று ஆகி விடும். ஊறிய ரோமத்தைக் கத்தி சுலபமாக அறுக்கும். காய்ந்த ரோமத்தை அது அறுப்பதில்லை, பிடித்து இழுக்கிறது. எரிச்சல் அங்கேதான் பிறக்கிறது. ரோமம் நன்றாக ஊற இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். ரோமத்தின் மேலுள்ள எண்ணெய்ப் பசையை அகற்றித் தண்ணீரை உள்ளே விடுவதும், அந்தத் தண்ணீர் காய்ந்து போகாமல் பிடித்து வைப்பதும், கத்தி வழுக்கிச் செல்ல வழி செய்வதும்தான் நுரையின் வேலை.

டப்பா நுரையில் பெரும் பகுதி வாயு. பெரும்பாலான டப்பாக்களில் இருப்பது பியூட்டேன், புரொப்பேன் வகை வாயுக்கள். ஆமாம், நம் வீட்டு அடுப்பில் எரிகிறதே, அதே குடும்பம்தான்! காசு கொடுத்து வாயுவை வாங்கி முகத்தில் பூசிக் கொள்கிறோம்.

கிண்ணத்தில் பிரஷைச் சுழற்றி நுரை எழுப்புகிறவர்கள் எவ்வளவோ மேல். ஆனால் அவர்களும் உழைப்பைக் கிண்ணத்துக்குக் கொடுக்கிறார்கள். ஊற வேண்டியது தாடியா, கிண்ணமா?

கொங்கு நாட்டுக் கிராமங்களில் வயதான பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாவிதர் மரத்தடியில் உட்கார வைத்து, கிண்ணியிலிருந்து தண்ணீரைத் தொட்டு உள்ளங்கையால் தாடையைத் தேய்ப்பார். தேய்ப்பார், தேய்ப்பார், தேய்த்துக் கொண்டே இருப்பார். ஊர் வம்பு முழுவதும் அதற்குள் பேசி முடித்து விடலாம். பல இடங்களில் சோப்பே கிடையாது. வெறும் தண்ணீரும் கையும்தான். பிறகு கத்தி வைத்தால் வெண்ணெய் வழித்தது போல் வரும். (கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவரும் அவர்தான். அந்தக் கைக்கும் வாய்க்கும் அவ்வளவு மரியாதை!) ரசாயனப் புத்தகம் படிக்காமலே, தேய்த்தல்தான் மந்திரம் என்று அவர் தெரிந்து வைத்திருந்தார்.

சோப்பை முகத்தில் தேய்ப்பது அதே வித்தையின் தம்பிதான். வீட்டில் தானே சவரம் செய்து கொள்ளும் பழக்கம் உலகில் பரவக் காரணமானவர் அமெரிக்கர் கில்லெட். 1903-ம் ஆண்டில் அவர் கம்பெனி விற்றது வெறும் 51 ரேஸர்கள், 168 பிளேடுகள்! அதன் பிறகு நடந்தது உலகம் அறிந்தது. குச்சி வடிவில் வந்த 'ஷேவிங் ஸ்டிக்' என்ற சோப்பும் பிரயாணப் பெட்டிகளில் ஏறிக் கொண்டது. அதைத் தேய்க்கக் கிண்ணம் ஏது? முகம்தான் கிண்ணம்.

நம் ஊர் மேதை ஜி.டி. நாயுடு அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார். பாட்டரியில் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய 'ரசந்த்' என்ற ரேஸரை உருவாக்கினார். மிக மெல்லிய பிளேடும் செய்தார். தண்ணீரும் நுரையும் இல்லாமலே சவரத்தை முடித்து விடலாம் என்பது மின்சார ரேஸரின் தத்துவம். நாயுடு அவர்கள் மீது எனக்கு மட்டற்ற மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு மரத்தடி நாவிதருக்கே!

செய்முறை என்ன?

குளித்து முடித்த கையோடு செய்வது உத்தமம். இல்லாவிட்டால் வெந்நீரில் முகத்தை நன்றாக நனையுங்கள். சோப்பையும் நனையுங்கள். கழுத்திலிருந்து மேல்நோக்கி, ரோமம் வளரும் போக்குக்கு எதிராக, மெதுவாகத் தேயுங்கள். முகத்தில் பசை போல ஒரு மெல்லிய பூச்சு ஒட்டினால் போதும். பிறகு ஈரமான பிரஷால் வட்டமாகச் சுழற்றுங்கள். காய்வது போல் தெரிந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர். மறுபடி சுழற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் தயிர் போல் கெட்டியான நுரை நிற்கும். அந்த இரண்டு நிமிடத்தில் தாடியும் ஊறி விட்டது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

குளிக்கிற சோப்பை எடுத்துத் தேய்த்து விட்டு என்னைத் திட்டாதீர்கள். அதன் நுரை பொங்கும், பொங்கிய வேகத்திலேயே அடங்கி விடும். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம். சோடியம் உப்போடு பொட்டாசியம் உப்பும் கலந்திருக்கும். அதனால்தான் நுரை கெட்டியாகவும் நீடித்தும் நிற்கிறது.

கோவைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதுதான் தண்ணீர். நம் வீடுகளில் 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இரண்டு உண்டு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. சோப்பு அவற்றோடு சேர்ந்து திரிந்து விடும். நுரைக்குப் பதில் முகத்தில் பிசுபிசுப்பான அழுக்குதான் மிஞ்சும். நான் குடியிருந்த ஒரு வாடகை வீட்டில் அந்தத் தண்ணீர்தான். சோப்புக் கம்பெனியை ஆறு மாதம் சபித்தேன். ஒரு நாள் ஒரு டம்ளர் சிறுவாணித் தண்ணீரை எடுத்து முயன்று பார்த்தேன். அதே சோப்பு, அதே பிரஷ், முகம் கொள்ளாத நுரை!

சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் இரத்தினசபாபதி முதலியார். ஆர்.எஸ்.புரம் என்பது அவர் பெயர்தான். சிறுவாணி அணை இருப்பதோ கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். 1973-ல் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்து கொண்டன. இத்தனை பேர் பாடுபட்டுக் கொண்டுவந்த தண்ணீரைக் குழாயைத் திறந்து விட்டுக் கொண்டு சவரம் செய்து வீணாக்குவது பாவம். முகத்தில் நுரை எழுப்ப ஒரு டம்ளர் தாராளம். கத்தியைக் கழுவ இன்னொரு டம்ளர்.

இவ்வளவு சொல்லி விட்டு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் தவறு. முகத்தில் தேய்க்கும் சோப்பு ஒருவருடைய சொத்து. அண்ணன் தம்பிக்குக்கூடக் கடன் கிடையாது. சலூனில் ஒரே கட்டியை வருகிறவர் முகத்திலெல்லாம் தேய்க்க விடவே கூடாது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர் சிலருக்குச் சவர பிரஷ் வழியாகவே ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய் வந்தது. சுத்தி செய்யாத குதிரை ரோமத்தில் செய்த பிரஷ்கள் அவை. நம் நாட்டிலும் 1990-களில் எய்ட்ஸ் பற்றிய எச்சரிக்கை பரவிய பிறகுதான் ஆளுக்கு ஒரு புது பிளேடு என்பது சலூன்களில் வழக்கமாயிற்று. பிளேடு விஷயத்தில் வந்த புத்தி பிரஷ் விஷயத்தில் இன்னும் முழுவதும் வரவில்லை. சலூனுக்குப் போகிறவர்கள் தங்கள் பிரஷையும் சோப்பையும் கையோடு கொண்டு போனால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

முகப்பரு உள்ளவர்கள், காயம் உள்ளவர்கள் கட்டியைத் தேய்க்க வேண்டாம். அவர்களுக்குக் கிண்ணமே கதி.

காந்திபுரத்து நண்பருக்கு ஒரு சோப்புக் கட்டி வாங்கிக் கொடுத்தேன். வேண்டா வெறுப்பாக வாங்கிக் கொண்டார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது கழுத்துத் தடிப்புகள் பெரும்பாலும் அடங்கியிருந்தன. சோப்புதான் காரணம் என்று அவர் ஒப்புக் கொள்ளவில்லை. "வெயில் குறைந்து விட்டதல்லவா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டு, "மீசைப் பக்கம் வரும்போது எப்படித் தேய்ப்பது?" என்று கேட்டார்.

மீசைப் பக்கம் கட்டியைக் கொண்டு போகவே வேண்டாம். பிரஷின் நுனியே போதும்.